குளிரில் கட்டிய இரத்தம்

முதல் குழாய்

"குழாயை எட்டுத் தடவை புரட்டணும் சிஸ்டர், இல்லன்னா இரத்தம் கட்டிப்போயிடும்" என்று நர்ஸ் பவானியிடம் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தேன். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், எந்தத் தவறும் முதலில் இரத்தம் எடுத்தவர் தலையில்தான் விழும். குழாயின் சுவரில் இரத்தம் மணல்மணலாக ஒட்டியிருந்தது. இயந்திரம் இருக்கவே முடியாத எண்களைக் காட்டியது.

இரத்தம் சரசக்காவினுடையது. எஸ்டேட்டில் கத்தரியால் தேயிலை வெட்டுபவர். காய்ச்சலும் இருமலும் விட்ட பிறகும் முகம் வெளுத்துக்கொண்டே போனது. சிறுநீர் பால் கலக்காத கோப்பி ஓ நிறம். இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றதும் கையை நீட்டினார்.

"எடு தம்பி. நாங்களும் செடியை ஒரு வெட்டோடயா விடுறோம்?"

இரண்டாவது குழாய்

அதுவும் கட்டியது. பவானி மூன்றாவது நரம்பைத் தேடும்போதுதான் அக்காவின் விரல்நுனிகளைப் பார்த்தேன். நீலம். எப்போதும் இப்படியா என்று கேட்டேன்.

"காலையில வேலைக்குப் பேர் கொடுக்க வெளியில நிக்கிறப்ப ஆகும். வெயில் வந்தா போயிடும். மலையில எல்லாருக்கும் அப்படித்தானே லா."

உள்ளங்கை

பவானியை நிறுத்தச் சொல்லிவிட்டு, குழாயை உள்ளங்கையில் மூடிப் பிடித்தேன். சில நிமிடங்களில் மணல் கரைந்து இரத்தம் வழுக்கி ஓடியது. மேசையில் வைத்தேன். மீண்டும் மணல். வெந்நீர்த் தொட்டியில் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து இயந்திரத்தில் ஓட்டியபோது எண்கள் சரியாக வந்தன. இருக்க வேண்டிய இரத்தத்தில் பாதிதான் இருந்தது. காய்ச்சல் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள், குளிர் பட்டால் தன் சிவப்பணுக்களையே பிடித்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தது.

பவானியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் எண்ணிக்கிட்டேதான் புரட்டினேன் சார்."

கீழே

உறுதிசெய்ய மலைக்குக் கீழே பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார் டாக்டர். இந்த வகை பெரும்பாலும் தானாகவே அடங்கும், அதுவரை குளிர் படக்கூடாது என்றார். வெட்டுக்குப் போகாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு என்னாகும் என்று அக்கா அவரிடம் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டார். கடிதத்தில் 'நோய் தற்காலிகம்' என்று டாக்டரை எழுதச் சொல்கிறேன், அதை எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் காட்டுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார்.

"எழுதச் சொல்லு தம்பி. பொறந்ததே குளிர்லதான், வேற எங்க போயி இருக்கிறது?"

நோயைக் கண்டுபிடித்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்று பாடம் எடுத்தவர்கள் யாரும் மலையில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். அக்காவின் கணவர் முனியாண்டி பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றும் லாரியோடு வந்திருந்தார். அக்கா ஏறியதும், கிளப்புவதற்கு முன் குறுக்கே சாய்ந்து, அக்கா பக்கத்து ஜன்னல் கண்ணாடியைக் கையால் அழுத்தி மேலே ஏற்றினார்.