பக்கெட் வீல் மயிலும் நம்பர் போடாத வூடும்

பூத்தையலுக்கு டிசைன் போட்டுக் குடுக்கிற தொழில்ல துணி அவங்களுது, நூல் அவங்களுது, ஊசியும் அவங்களுது. தப்பு மட்டும் நம்முளுது.

மனசுல ஒண்ணை நினைச்சுப் பென்சிலை எடுத்து, தாள்ல வேற ஒண்ணு வந்து நிக்கிறதைப் பார்த்து முழிச்சிருக்கீங்களா? அப்ப நீங்களும் நம்ம ஆளுதான். உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

எழுபதுகள்ல என் வீட்டுக்காரர் நெய்வேலி மைன்ஸ்ல கான்ட்ராக்டு ஆளு. பர்மனென்ட் ஆனாத்தான் டவுன்ஷிப்புக்குள்ள குவார்ட்டர்ஸ். அதுவரைக்கும் மந்தாரக்குப்பத்துல கூரை வீடு. நான் துணிப்பையை மாட்டிக்கிட்டு டவுன்ஷிப்ல பிளாக் பிளாக்காப் போவேன். தலையணை உறை, ஜன்னல் திரை, எதுன்னாலும் டிசைன் இறக்கிக் குடுப்பேன். கையில இருந்த பழைய மாதிரித் தாளைப் பார்த்து நகல் எடுக்கிறதோட சரி. ஒரு ஐப்பசி மழையில கூரை ஒழுகி, அத்தனை தாளும் கூழாப் போச்சு. இனிமே எதைப் போட்டாலும் மனசுல இருந்துதான் போடணும். நான் படிச்சது மூணாங்கிளாஸ். வரைஞ்சது வாசல்ல கோலம்.

முதல் மயில்

முதல்ல கேட்டவங்க ஒரு கோயம்புத்தூர் அம்மா. தலையணை உறைக்கு மயில் வேணும்னாங்க. மயிலை நான் கிட்டப் பார்த்ததில்லை. கண்ணை மூடி நினைச்சேன். நீளமா ஒரு கழுத்து, பின்னாடி வட்டமா ஒரு தோகை, தோகை ஓரத்துல சுத்திவரக் கண்ணு. ஆசை ஆசையாப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன்.

அந்தம்மா தாளை நேராப் பிடிச்சுப் பார்த்தாங்க, திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. சுரங்கத்துல மண் வெட்டுற ராட்சச மெஷின் இருக்கே, பக்கெட் வீல்னு சொல்லுவாங்களே, பெரிய சக்கரமும் விளிம்பெல்லாம் வாளியுமா, அதைத்தான் போட்டு வைச்சிருக்கேன். தினம் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போறப்போ மேட்டுல நின்னு பார்த்துப் பார்த்து, அது மனசுக்குள்ள ஏறி உட்கார்ந்திருக்கு. அந்தம்மா சிரிக்கலை, அதுதான் பெரிய மனசு.

"ஏனுங்க, இதுமேல தலைய வெச்சா எங்கூட்டுக்காரரு தூங்க மாட்டாருங்க, ஷிப்டுக்குக் கெளம்பிருவாருங்க."

ஆகக் கூடாதது

படம் எப்படித் துணியில இறங்கும்னா, தாள்ல கோட்டு மேலயே ஊசியால பொத்தல் போட்டு, துணி மேல வைச்சு, மண்ணெண்ணெயில கரைச்ச நீலத்தைத் தடவணும். அடியில புள்ளி புள்ளியா விழும். தைச்சு முடிச்சுத் துவைச்சா நீலம் போயிடணும், பூ மட்டும் நிக்கணும்.

திருநெல்வேலிக்கார அம்மா ஒருத்தங்க வெள்ளைப் பட்டு மாதிரி ஒரு துணியை நீட்டினாங்க. நான் குனிஞ்சு தடவிக்கிட்டிருந்தேன். அந்த மாசம் யார் யாருக்குப் பர்மனென்ட் ஆகும்னு ஊரெல்லாம் பேச்சு. என் காதும் அதுக்கே திறந்து கிடந்துச்சு. தலைக்கு மேல இருந்து அவங்க குரல்: "பர்மனென்ட் ஆயிரக் கூடாது, பாத்துக்கோ." கையில இருந்த பஞ்சைப் போட்டுட்டு, "ஏம்மா அப்படிச் சொல்றீங்க, எத்தினி வருஷமாக் காத்துக்கினு இருக்கோம்"னு அழுதே போட்டேன். அவங்க பதறிப்போய் என் பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க.

"ஏட்டி, நான் சாயத்தல்லா சொன்னேன்! உன் மாப்பிள்ளை ஆகட்டும், நல்லா ஆகட்டும், நீலந்தான் ஆகப்படாது."

திறந்த கதவு

ஸ்டெல்லா அக்கா கடலூர்ப் பக்கம், அவங்க வீட்டுக்காரர் பர்மனென்ட். ஜன்னல் திரைக்கு ஒரு வீடு போடச் சொன்னாங்க. "எந்த வூடுக்கா?"ன்னேன். "உன் மனசுல இருக்கறது எதுவோ, அது"ன்னாங்க. இதை என்கிட்ட அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டைப் போட நான் யோசிக்கவே இல்லை. கை தானா ஓடுச்சு. ஒழுகாத தளம், ரெண்டு படி, வாசல் பக்கம் ஒரு குழாய். கதவை மட்டும் திறந்து வைச்சுப் போட்டேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். நான் போற குவார்ட்டர்ஸ் எதுலயும் வராந்தாவைத் தாண்டினதில்லை. திறந்த கதவு வழியா உள்ள என்ன தெரியணும்? மனசுல தேடினேன், ஒண்ணும் அகப்படலை. அப்படியே வெறுமையா விட்டுட்டேன்.

ஸ்டெல்லா அக்கா அந்த இடத்துல விரலை வைச்சாங்க.

"கதவு தெறந்து கெடக்கு, உள்ள ஒண்ணுமே காணமே. இன்னும் யாரும் குடி வரலயா?"

சைக்கிளும் நம்பரும்

பொத்தல் போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்காரர்கிட்டக் காட்டினேன். ஷிப்டு முடிஞ்சு, கண்ணு மட்டும் வெள்ளையா வந்திருந்தார். "என் சைக்கிளு எங்க?"ன்னார். படிக்குப் பக்கத்துல சைக்கிள் போட்டேன். சக்கரம் ரெண்டும் முட்டை மாதிரி வந்துச்சு. "பஞ்சரா? சரி, தள்ளிக்கினு போறேன்"னார். வாசல்ல முருங்கை போட்டேன், கம்பளிப்பூச்சி வரும்னு சண்டைக்கு வந்தார். ஏதோ மறுநாளே சாமானை ஏத்தப் போற மாதிரி ரெண்டு பேரும் அந்தத் தாளைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம்.

குவார்ட்டர்ஸ்னா கதவு மேல நம்பர் இருக்குமே. நான் பென்சிலைக் கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"நம்பரை நாம போடக் கூடாது, அத்த அவங்கதான் குடுக்கணும்."

சாயங்கால வெளிச்சம்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொழுது சாயுற நேரம். அவர் சைக்கிள் மிதிக்க, நான் பின்னாடி உட்கார்ந்து ஸ்டெல்லா அக்கா பிளாக் வழியா வந்துக்கிட்டிருந்தோம். அந்தத் தடவையும் பர்மனென்ட் லிஸ்ட்ல அவர் பேர் வரலை.

அக்கா வீட்டு ஜன்னல்ல திரை தொங்குது. உள்ள விளக்குப் போட்டிருந்தாங்க. தைச்ச இடமெல்லாம் நூல் அடைச்சு இருட்டா இருந்துச்சு: சுவரு, படி, முருங்கை, கோணச் சக்கரம். நான் வெறுமையா விட்ட கதவுல அக்கா ஒரு தையல்கூடப் போடலை. அந்த இடம் மட்டும் அவ்வளவு வெளிச்சம். உள்ள யாரோ விளக்கேத்தி வைச்சுட்டு நம்மளை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கிற மாதிரி.

அவர் காலை ஊனி சைக்கிளை நிறுத்தினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம வூட்டுக்குக் குவார்ட்டர்ஸ் கெடைச்சிடுச்சு பாரு, நமக்குத்தான் இன்னும் ஆவல."

அவர் கடைசி வரைக்கும் கான்ட்ராக்டுதான், நான் மனசுல இருந்து போட்ட வீடுங்க மட்டும் எந்தெந்த பிளாக்கு ஜன்னல்லயோ பர்மனென்டாத் தொங்கிச்சு.