கண்மாய்க்குப் போன தவளைகள்

ஆனையூரில் எங்கள் தெருவுக்கும் கண்மாய்க்கும் நடுவே ஒரு தார்ச்சாலை போகிறது. ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டியதும், விளக்கு வைக்கும் நேரத்துக்கு, காலி பிளாட்டுகளின் புதருக்குள் கிடந்த தவளைகளெல்லாம் முட்டையிடக் கண்மாய்க்குக் கிளம்பிவிடும். ஊரே வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்புவதும் அந்த நேரத்தில்தான். மறுநாள் காலையில் சாலையைக் கண்கொண்டு பார்க்க முடியாது.

எதிர்வீட்டு அண்ணன் ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஒரு மழை நாளில் பழைய விசிலை எடுத்துக்கொண்டு போய்ச் சாலை நடுவே நின்றுவிட்டார். "ஹோல்டான்! ஆள் எறங்குது!" வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். நானும் ஒரு வாளியோடு இறங்கினேன். தவளையைத் தொட எனக்கு அருவருப்பு. கையில் பால் கவரை மாட்டிக்கொண்டு பிடித்து வாளியில் போட்டேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "தேரை விழுந்து பிள்ளை மெலிஞ்சுரும்க்கா, வாளிய இந்தப் பக்கம் கொண்டு வராதீக" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வாளியைக் கண்மாய்க் கரையில் கவிழ்த்ததும் அண்ணன் "போலாம் ரைட்" கொடுப்பார்.

சில வருஷங்கள் இப்படியே ஓடின. ராத்திரி கண்மாயில் தவளைகள் கத்தும்போது எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. "எல்லாம் நம்ம பாசஞ்சருகதேன் தங்கச்சி" என்பார். மழை விட்டதும் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். தண்ணீரில் கொண்டுபோய் விட்டால் வேலை முடிந்தது, இனி அங்கேயே இருந்துகொள்ளும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் பிள்ளையோடு திரும்பி வருவாள் என்பது பெண்ணாய்ப் பிறந்த எனக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

போன வருஷம் கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை. லேசான தூறல். தல்லாகுளத்தில் இருக்கும் ஆபீசுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். சாலையெங்கும் கறுப்பாக ஏதோ கிடந்தது. யாரோ மிளகு மூட்டையைச் சிந்திவிட்டார்கள் போல என்று நினைத்தேன். வண்டி அதன்மேல் பாதி தூரம் போன பிறகுதான் ஒரு மிளகு தத்தியது.

நிறுத்தினேன். காலை ஊன்ற இடமில்லை. நகத்தளவு தவளைக்குஞ்சுகள், கண்மாய்க் கரையிலிருந்து இறங்கி எங்கள் தெருவைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. போன் போட்டதும் அண்ணன் பனியனோடு ஓடி வந்தார். அள்ளினால் கையிலேயே நசுங்கிவிடும். அள்ளாவிட்டால் சக்கரம். துடைப்பத்தை எடுத்து வரவா என்று கேட்டுவிட்டு நானே வேண்டாம் என்றேன்.

"போற ட்ரிப்ப மட்டும் பாத்துட்டோமே தங்கச்சி" என்றார். "வார ட்ரிப்புன்னு ஒண்ணு இருக்குமே, அது தோணாமப் போச்சே. ஆயுசு பூரா எனக்கு அதேன் பொழப்பு."

"அப்ப முந்தின வருசமெல்லாம்?" என்று கேட்டேன். அந்த வருஷங்களிலும் நான் இதே சாலையில்தான் தினமும் ஆபீசுக்குப் போனேன்.

அப்போது ஸ்கூல் வேன் வந்தது. அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். டிரைவர் இறங்கி வந்து சாலையைப் பார்த்தார். "பாவமாத்தேன் இருக்குண்ணே. ஆனா பிள்ளைகளுக்கு இன்னைக்குப் பரீட்சை. எம்புட்டு நேரம் நிக்கச் சொல்றீக?"

மத்தியானம் வரைக்கும் ஆகும் போலத்தான் தெரிந்தது. வந்துகொண்டே இருந்தன. பின்னால் தண்ணீர் லாரி வேறு வந்து நின்று ஹாரன் அடித்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கைகளை இறக்கி ஓரமாக ஒதுங்கி நின்று, "போங்கப்பா" என்றார்.

வேன் மெதுவாகத்தான் போனது. நாங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தோம். நசுங்குகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு சின்ன உடம்பு.