மடியில் இருந்த இசைத்தட்டுப் பெட்டி

வல்வெட்டித்துறை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவருக்கு எழுபது வயதிருக்கும். நரைத்த முடியைத் தோள்வரை வளர்த்திருந்தார். மடியிலிருந்த பெட்டியை அடிக்கடி சால்வையால் துடைத்தார். இளவயதில் அவர் கிற்றார் வாசித்த சைக்கடெலிக் ரொக் இசைக்குழுவின் முதற்பாடல்களை வெளிநாட்டு நிறுவனமொன்று இசைத்தட்டுகளாக வெளியிட்டு அனுப்பியிருந்ததாம். பெட்டி மூடியில் அந்தக் குழுவினரின் படம் பெரிதாக இருந்தது.

“வீட்டிலை போட்டுக் கேக்கப் போறியளோ ஐயா?”

“அது பிறகு, பிள்ளை. முதல்லை பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டோணும். அந்த நாளிலை நாங்கள் வாசிக்கிறது வெறும் சத்தமெண்டு பொலிசுக்குப் போனவர்.”

“அவர் இன்னும் இருக்கிறாரோ?”

“ஓம். இப்ப காது கேளாது. படத்தையாவது பாக்கட்டும்.”

தரிப்பிடம் வந்ததும் தலையைச் சீவிக்கொண்டார். படம் வெளியே தெரியும்படி பெட்டியை நெஞ்சோடு பிடித்து, நிமிர்ந்து நடந்து போனார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.