எடை போடவா, எடைக்குப் போடவா

பயணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது எங்கள் வீட்டு முன் அறையில் கால் வைக்க இடமில்லை. சோபாவை ஓரமாகத் தள்ளி, தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, கொண்டுபோக வேண்டிய சாமான்களை எல்லாம் அதன்மேல் பரப்பியிருந்தேன். மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், செயினுக்கு எண்ணெய், பிளக், மழைக்கோட்டு, கையுறை, கம்பளிக் காலுறை, மருந்துப் பை, மனைவி திரித்துக் கொடுத்த இட்லிப் பொடி. பாளையங்கோட்டையிலிருந்து நேபாளத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருவதென்று நாங்கள் நாலு பேர் முடிவு செய்திருந்தோம். நான் வண்டி பேட்டரி விற்கிறவன். நாற்பத்தெட்டு வயதாகியும் பாஸ்போர்ட் கிடையாது. நேபாளத்துக்கு அது வேண்டாம் என்று கேள்விப்பட்டதும்தான் எனக்கு வெளிநாட்டு ஆசையே வந்தது.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மனிதர்கள் சொல்வதைக் கேட்டு மனசில் போட்டு வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுதான் படிப்பு. காலுறை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "கொடைக்கானலா அண்ணாச்சி?" என்றார். "இல்ல, நேபாளம்" என்றேன். "அப்ப ரெண்டு ஜோடியா எடுத்துக்கிடுங்க" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சர், நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்பதைப் பற்றி யோசிக்காமல், முக்திநாத்திலிருந்து ஒரு சாளக்கிராமம் கொண்டுவரச் சொன்னார். "சின்னதா ஒண்ணு போதும் தம்பி. பெருசுன்னா வண்டிக்குக் கனம்."

அந்த நாட்களில் எனக்கும் கனம்தான் பேச்சு. எங்கள் நாலு பேரில் ஏற்கெனவே பூட்டான் வரை ஓட்டிப் போய்வந்தவர் ஒரு தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் வேலை. அவர் சொன்னதுதான் எங்களுக்குச் சட்டம். மாற்று கிளச் கேபிளைப் பைக்குள் வைக்காதே, ஓடுகிற கேபிளோடு சேர்த்து இப்போதே கட்டிவிடு, அறுந்தால் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பார். ஒவ்வொரு சாமானையும் நிறுத்து நோட்டில் எழுத வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம். அதற்காகத் தெருமுனைப் பழைய இரும்புக் கடை அண்ணாச்சியிடம் ஒரு கொக்கித் தராசை இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு சாமானை 'எடை போடு' என்றால் நிறுத்துப் பார் என்று அர்த்தம். 'எடைக்குப் போடு' என்றால் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிடு என்று அர்த்தம். நடுவில் இருப்பது ஒரு சின்ன 'க்கு'. அந்த இடுக்குக்குள் போய் நான் ஒளிந்துகொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்காவைக் கட்டிய அத்தான் ஏரலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இந்த மாதிரி வேலைகள். போன வருஷம் இரும்பு அறுக்கிற சக்கரம் உடைந்து தெறித்து அவருடைய வலது கையைக் கிழித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தேடி வந்த வேலையை எல்லாம் வேறு பட்டறைகளுக்கு அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பூட்டி, ஏழெட்டு மாசம் வீட்டிலேயே இருந்தார். அக்கா போனில் அழுகிறவள் இல்லை. "அவிய இன்னைக்கும் டிவிதான் பாக்காவ" என்பாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

பெட்டி செய்து தாருங்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. நான் நேபாளம் போவதைக் கேள்விப்பட்டு அவராகவே பஸ் ஏறி வந்தார். அளக்கிற டேப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தார். இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிற மாதிரி, சாமான் வைக்க இரண்டு தகரப் பெட்டி செய்து தருவதாகச் சொன்னார்.

"மாப்ள, இது அங்கன போயி குலுங்கிட்டு வரட்டும். ஒட்டு விடாம வந்துட்டுன்னா பொறவு நான் துணிஞ்சு கேட் வேலைக்குக் கை வச்சிருவேன். விட்டுட்டுன்னா, பட்டறைய வாடகைக்கு விட்டுர வேண்டியதுதான்."

"விட்டுட்டுன்னா என் ஜட்டியெல்லாம் ரோட்டுல கெடக்கும் அத்தான்."

"கெடக்கட்டும்லே. நேபாளக்காரன் நல்லவன், பொறுக்கித் தருவான்."

மறுநாள் அக்கா போன் செய்தாள். "ஏலே, அவிய ஷட்டரத் தொறந்துட்டாவ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஏரல் பஸ்ஸில் சாக்குச் சுற்றிய பெட்டிகள் வந்து இறங்கின. இறக்கிவிட்ட கண்டக்டர், "உள்ள ஆளு எவனும் இருக்கானா வே?" என்று கேட்டார். வீட்டில் வைத்துச் சாக்கைப் பிரித்தேன். சாம்பல் நிற பெயிண்ட். மூலைகளில் வெல்டிங் ஒட்டு நேராக ஓடவில்லை. கை நன்றாக இருந்த காலத்தில் அத்தான் போடுகிற ஒட்டு முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். இது அங்கங்கே நின்று, கட்டிதட்டி, மறுபடி கிளம்பிப் போயிருந்தது. அந்தக் கட்டிகளில் எல்லாம் அவருடைய விரல் மக்கர் செய்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. தராசில் மாட்டினேன். வெறும் பெட்டி ஒன்று பதினொன்றரைக் கிலோ. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்காரர் என் சாமான்களைப் பார்வையிட வந்தார். இட்லிப் பொடியைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது ஜோடிக் காலுறையை எடுத்துத் தூர வைத்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது பொட்டியா, பீரோவா?"

நான் சிரித்தேன்.

"இதக் கட்டிக்கிட்டு மலை ஏறினா, நீங்க எறங்கி வண்டியத் தள்ளணும். நாங்க எறங்கி ஒங்களத் தள்ளணும். யாரு செஞ்சு குடுத்தது?"

என் அக்கா வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். கையில் அடிபட்டவர், இதுதான் அவர் செய்த முதல் வேலை என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார். அவர் நல்லவர்தான். ஆனால் அவர் முன்னால் நான் வெளிநாடு போகிறவன் மாதிரித் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு இருந்தது.

"ஏரல்ல ஒருத்தன்" என்றேன். "எடைக்குத்தான் போடணும்."

இருபத்திரண்டு வருஷமாக அத்தான் என்று கூப்பிட்டவரை ஒரு நொடியில் ஒருத்தன் ஆக்கினேன். சொன்னபோது நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரும் சிரித்து, நானும் சிரித்து, தன்னிடம் இருக்கிற பழைய துணிப் பைகளைத் தருவதாக அவர் சொல்லி, பேச்சு டயர் காற்றுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அந்தப் பைகளோடு அவர் என் கடைக்கு வந்திருந்தார். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"தராசக் கேட்டு இரும்புக் கடை அண்ணாச்சி வந்திருக்காவ. குடுத்துரட்டா?"

"குடு."

"இந்தப் பொட்டி ரெண்டும் நடையில கெடக்கு. ஒங்களுக்கு வேண்டாமான்னு கேக்காவ. நான் என்ன சொல்ல?"

தூத்துக்குடிக்காரர் டீ கிளாசுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடைக்குப் போட்ரு" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "எடை போடவா, எடைக்குப் போடவா?"

"அதான் சொன்னேம்லா" என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு பேச்சை அவள் கையில் கொடுத்துவிட்டு, என் கையைத் துடைத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது பெட்டிகள் இல்லை. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் அத்தான் வாசலில் நிற்கிறார். கையில் வளையமாகச் சுற்றிய கறுப்பு ரப்பர். பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டினால் மழைத் தண்ணீர் இறங்காதாம். அளவாக வெட்டியே கொண்டுவந்திருந்தார்.

"பொட்டிய எடு மாப்ள. அஞ்சு நிமிசத்துல ஒட்டிட்டுக் கெளம்புதேன்."

மனைவி அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நான் பேசினேன். நன்றாகப் பேசத் தெரிந்தவன் இல்லையா, சிரிப்பும் கலந்து பேசினேன்.

"அது ஒரு கூத்து அத்தான். எடை போட்டு வையின்னு இவகிட்ட போன்ல சொன்னேன். இவ எடைக்குப் போட்டுட்டா. ஒரு 'க்கு'வால வந்த வெனை."

மனைவி காப்பியை அவர் கையில் கொடுத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஆமாண்ணே, எனக்குத்தான் சரியா கேக்கல" என்றாள்.

அத்தான் முகம் ஒரு நிமிஷம் விழுந்து, மறுபடி எழுந்தது. "அதுக்கு நீ ஏன் தங்கச்சி மொகம் வாடுத? நம்ம ஊர்ல எடைன்னாலே இரும்புக் கடதான" என்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "எனக்கே சந்தேகந்தான், கனம் கூடிட்டோன்னு. எவ்வளவு இருந்திருக்கும் மாப்ள?"

"பதினொன்றரை" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குப் புரிந்தது. நான் ஏற்கெனவே நிறுத்துப் பார்த்த பெட்டியை எடை போட்டு வை என்று எதற்காக அவளிடம் சொல்ல வேண்டும்? அத்தானுக்கும் புரிந்தது. ஆற்றிக்கொண்டிருந்த டம்ளர் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். பிறகு காப்பியைக் குடித்து முடித்து, "சரி, கடை வரைக்கும் போயிப் பாப்போம்" என்று எழுந்தார்.

இரும்புக் கடை அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமையும் கடையில்தான் இருப்பார். "அடடா, தகரம்லா, எடத்த அடைக்கும்னு நேத்தே தட்டிப் போட்டாச்சே" என்றார். பெட்டிகள் சப்பையாகி, பழைய பீரோக் கதவுகளுக்கு அடியில் கிடந்தன. அத்தான் ஒன்றை உருவி எடுத்துத் தரையில் போட்டு, குத்தவைத்து உட்கார்ந்தார். மடங்காத அந்தப் பெருவிரலை ஒவ்வொரு மூலையாக ஓட்டிக்கொண்டு போனார். தகரம் கன்னாபின்னாவென்று மடங்கியிருந்தது. மூலைகள் பிரியவில்லை.

"எதால அடிச்சிய அண்ணாச்சி?"

"சம்மட்டியாலதான். சப்பையாவே மாட்டேன்னுட்டு வே. இந்த மூலைக்கு மட்டும் ஏழெட்டு அடி. எவன் ஒட்டினான்னு தெரியல, ஏசிக்கிட்டேதான் அடிச்சேன்."

"நாந்தான் ஒட்டினேன்" என்றார் அத்தான்.

அதை அவர் சொன்ன விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஏழெட்டு மாசமாக யாரும் அவர் வாயிலிருந்து அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பக்கத்தில் நிற்க எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை என்று பட்டது. ஆனாலும் பக்கத்தில்தான் நின்றேன்.

கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு சப்பைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பஸ் நிறுத்தத்தில் இறங்கினதும், "அத்தான், நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பதினொன்றரை கூடத்தான் மாப்ள. அடுத்த தடவ அலுமினியத்துல பாப்போம்" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, "கெளம்பு முன்ன தங்கச்சிகிட்ட பேசிரு. அவ எதுக்கு என் முன்னால தலை குனிஞ்சு நிக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்றுகொண்டு மனைவியிடம் சொன்னேன். தப்பு என்னோடது, ஒன் மேல போட்டுட்டேன் என்று. அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாததயா சொல்லுதிய? அவியளுக்கும் தெரிஞ்சு போச்சு. ஒங்க அக்காகிட்ட சொல்லுங்க. நாளைக்கு ஏரல்ல பொட்டிய எடைக்குப் போட்டவ யாருன்னு கேட்டா, என் பேருதான் வரும்."

மறுநாள் சாயங்காலம் அவள் முன்னால் வைத்தே அக்காவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எடைக்குப் போடச் சொன்னது நான்தான், வேண்டுமென்றேதான் சொன்னேன், பழியை இவள் மேல் போட்டேன்.

அக்காவுக்குப் பின்னால் எங்கேயோ இரும்பை அறுக்கிற சத்தம்.

"அவிய அப்படிச் சொல்லலியே" என்றாள். "அந்தத் தகரத்தப் பட்டறை வாசல்ல தொங்க விட்டிருக்காவ. வாறவன் போறவன்கிட்ட எல்லாம், எம் மச்சினன் சம்மட்டியால அடிச்சுச் சோதிச்சுப் பாத்துட்டான், ஒட்டு விடலன்னு சொல்லுதாவ. ஒரு கேட்டுக்கு அளவெடுக்க வரச் சொல்லி ஆளும் வந்துட்டுது."

"இல்லக்கா, நெசம் அது இல்ல" என்றேன்.

"அவிய சொல்லுததே இருக்கட்டும்லே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இரவல் பைகளோடு நேபாளம் போய் வந்தேன். டீச்சருக்குச் சின்னதாக ஒரு கல் கொண்டுவந்து கொடுத்தேன். இப்போது எப்போதாவது ஏரலுக்குப் போனால், பட்டறையில் நிற்கிற யாராவது, "நீங்கதான அந்தச் சோதிச்சுப் பாத்த மச்சினன்?" என்று கேட்டுக் கை நீட்டுகிறார்கள். அத்தான் தலை நிமிராமல் கேட்டுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருப்பார். நானும் கை கொடுக்கிறேன்.