ஏற்றத்தில் கேட்காத பாட்டு

திருப்பதியில் ஒரு ஜிம்மில் சைக்கிள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நகராத சைக்கிள்தான், இருட்டு அறை, வண்ண விளக்கு, அலறும் ஸ்பீக்கர். பாட்டின் தாளத்துக்கு மிதிக்க வேண்டும். காலையில் பாதி சைக்கிள் காலியாகவே கிடந்தது. பக்கத்து நகரி ஊர்க்காரரான முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "இன்னாமா, இப்டியே போய்க்கினு இருந்துதுன்னா நான் சுவத்துல டிவி மாட்டி வீடியோ போட்டுடுவேன். டீச்சரு எதுக்கு?" என்றார்.

வேலை போய்விடுமே! இந்த வருடம் சினிமா விருதுக்குப் பரிந்துரையான தமிழ், தெலுங்குப் பாட்டுகளை வைத்தே ஒரு வகுப்பு அமைக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். விருதுக்குப் போவதெல்லாம் ஏன்தான் அழுமூஞ்சிப் பாட்டாக இருக்கிறதோ! வேலைக்குச் சித்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு, தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள். உடம்பு சூடாக மெல்லிசை, ஓட்டத்துக்குக் குத்துப்பாட்டு. உறுமி மேளம் அதிரும் ஒரே ஒரு பாட்டை ஏற்றத்துக்கு, அதாவது சக்கரத்தை இறுக்கிவிட்டு எழுந்து நின்று மிதிக்கிற இடத்துக்கு, வைத்தேன். முடிவில் எந்தப் பாட்டுக்கு விருது என்று எல்லோரும் கைதூக்கிச் சொல்ல வேண்டும். அதுதான் வகுப்பின் உயிரே.

ஞாயிற்றுக்கிழமை அறை நிறைந்திருந்தது. முதலாளி கதவோரம் நின்று போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார். ஏற்றம் வந்தது. "இறுக்குங்க! எழுந்து நில்லுங்க!" என்றேன். உறுமி அதிர்ந்தது. முன்வரிசை ஜவுளிக்கடைக்காரர் மூச்சிரைக்க, "கோவிந்தா!" என்றார். அவ்வளவுதான். அறையே "கோவிந்தா, கோவிந்தா!" என்றது.

சின்ன வயதிலிருந்து மலைப்படி ஏறிப் பழகிய ஊர். தொடை எரிந்தால் வாய் தானாக அதைத்தான் சொல்லும். எனக்குத் தெரியாதா? நானும் ஏறியவள்தானே! அவர்கள் கால்கள் என் உறுமியை விட்டுவிட்டுக் கோவிந்தாவுக்கு மிதித்தன. ஒலியைக் கூட்டினேன்; அவர்களும் கூட்டினார்கள். கடைசியில் மைக்கிலேயே கத்திவிட்டேன்: "ஐயோ, பாட்டைக் கேளுங்களேன்!" யார் காதில் விழுந்தது?

வகுப்பு முடிந்ததும் எந்தப் பாட்டுக்கு விருது என்று கேட்டேன். வியர்வையைத் துடைத்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏறும்போது இன்னா பாட்டு போட்டீங்க மேடம்?" என்றார் ஜவுளிக்கடைக்காரர், நிஜமாகவே தெரியாமல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரைக் கோபித்துக்கொள்வது? சாமி பேரைச் சொன்னதற்கா?

முதலாளிக்கோ பரம திருப்தி. "ஒருத்தராச்சும் நடுவுல எறங்கினாங்களா பாத்தியாமா? அவங்களே மிதிச்சிக்கினு போறாங்க. நான் மொத்தமும் வீடியோ எடுத்துட்டேன், இனிமே தெனம் இதையே டிவில போட்டுடலாம்."

தோற்றிருந்தால் வேலை போயிருக்கும், சரி. ஜெயித்ததற்கும் போகுமா? "வாசல் டேபிள்ல உக்காந்துக்கோமா, துண்டு குடு," என்றார் பெரிய மனதோடு. போய்விடு என்று சொல்லியிருந்தாலாவது நாலு வார்த்தை திட்டிவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

இப்போது காலையில் ஒரு சைக்கிள்கூடக் காலியில்லை. நான் வெளியே துண்டு மடித்துக்கொண்டிருப்பேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஏற்றம் வரும், கோவிந்தா எழும்பும். நடுவில் டிவியிலிருந்து என் குரல் கெஞ்சும். அந்த இடம் எல்லோருக்கும் மனப்பாடம். தமிழ் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்துகொண்டு, சிரித்தபடியே என்னோடு கத்துகிறார்கள்: "ஐயோ, பாட்டைக் கேளுங்களேன்!"