மெஷினா செய்தது என் வாளை?

அறிவியல் புனைகதைப் பாத்திரங்களாக வேடமிடுவோருக்கு ஒளிரும் வாள்கள் செய்வது என் பொழுதுபோக்கு. கணவரின் நண்பர் அலுவலக விழாவுக்கு ஒன்று கேட்டார். பொருள்களுக்கே இருநூறு சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்றேன், சம்மதித்தார். மூன்று மாதமாக வார இறுதிகளில், ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பாகங்களை அச்சிட்டு, தேய்த்து, சாயம் பூசி, விளக்குப் பொருத்தினேன்.

தேக்கா கடைத்தெருவில் வாளைக் கையில் வாங்கிப் பார்த்த அந்த நண்பர், "பிளாஸ்டிக்தானே லா, மெஷின்தானே செய்யுது? ஐம்பது வெள்ளி தரேன்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப மெஷின்கிட்டயே வாங்கிக்குங்க!" என்று வாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சமாதானம் பேசிய கணவருக்கும் என்னிடம் திட்டு விழுந்தது.

இப்போதெல்லாம் யார் வாள் கேட்டாலும், முதலில் உப்புத்தாளைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் தேய்க்கச் சொல்கிறேன். விலையைப் பிறகுதான் பேசுவேன்.