செம்பூர் மைதானமும் தாராவிக் கூரையும்: பட்டாளத்தோடு ஒரு ரேடியோ ஒத்திகை

ரேடியோ பெட்டியும் பாட்டரியுமாக மும்பை லோக்கல் ரயிலில் ஏறலாமா என்று கேட்டு அவ்வப்போது யாராவது எனக்கு எழுதுகிறார்கள். ஏறலாம். நானே ஏறியிருக்கிறேன், அதுவும் இந்த ஊர் பம்பாயாக இருந்த காலத்தில். பாகிஸ்தானோடு நடந்த சண்டை முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. மழை வெள்ளத்தில் டெலிபோன் செத்துப் போனால் எங்களைப் போன்ற ஹாம் ரேடியோக்காரர்களும் பட்டாளமும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள முடியுமா என்று பார்க்க, சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை வைத்தார்கள். அதில் முதல் ஞாயிறு போய் வந்த கதை இது. ஹாம் என்றால் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவன். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு விளக்கம் சொல்வார்கள்.

எனக்கு அப்போது மாட்டுங்காவில் ஜாகை, கோட்டைப் பக்கம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஒத்திகையில் நான் செம்பூரில் பட்டாளத்து வண்டி அருகே இருக்க வேண்டும். என் நண்பன் செல்வராஜ் தாராவியில் தன் வீட்டிலிருந்தே பேச வேண்டும். செல்வராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன், மாஹிமில் பாட்டரி சார்ஜ் செய்யும் கடையில் வேலை. மழைக்காலத்தில் முதலில் மூழ்குவது தாராவி என்பதால் அவன் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவனுக்கு இந்த ஒத்திகை விளையாட்டு இல்லை. அவன் தகரக் கூரையிலிருந்து எதிர்ச்சாரியில் இருந்த பொன்னையாவின் மளிகைக் கடைக் கூரைக்கு ஒரு கம்பி போகும். அதுதான் ஏரியல். சண்டைக் காலத்திலிருந்தே அந்தச் சந்தில் அவனுக்கு ஒற்றன் என்று பெயர். பொன்னையா இரண்டு தடவை போலீஸ் தாணாவில் புகார் கொடுத்துவிட்டார். கம்பியைக் கழற்று, இல்லாவிட்டால் நாங்கள் கழற்றுவோம் என்று போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். லைசென்ஸை அவன் எடுத்துக் காட்டினால், இங்கிலீஷில் எது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று பதில். இதையெல்லாம்விட அவன் மனைவி எஸ்தர் பட்ட பாடுதான் பெரிது. குழாயடியில் அவள் குடத்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார்கள், ‘ஒத்தன் பொண்டாட்டிக்கு எதுக்கு வரிசை’ என்று. ஒத்திகை நன்றாக நடந்தால் தாணாவில் தானே பேசுவதாக, அதை நடத்திய பட்டாளத்துக் கேப்டன் சொல்லியிருந்தார், சிக்னல்ஸ் என்கிற ரேடியோப் பிரிவுக்காரர். நடக்காவிட்டால், சிவிலியன்கள் இதற்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன் என்றும் சொல்லியிருந்தார். மனிதர் எதையும் மூடி மறைத்துப் பேசுகிறவர் இல்லை.

இனி பயணம். மாட்டுங்காவிலிருந்து செம்பூர் சுமார் எட்டு கிலோமீட்டர். மத்திய ரயில்வே லோக்கலில் சயன் தாண்டிக் குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் வண்டிக்கு மாற வேண்டும். என்னிடம் ஒரு ரிசீவரும், அதற்குக் கார் பாட்டரியும். சாதாரணப் பெட்டியில் ஏற முயன்று, ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டிக்கும் என் பாட்டரியின் ஆசிட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருப்பதைப் பார்த்து இறங்கிவிட்டேன். அடுத்த வண்டியில் லக்கேஜ் டப்பாவில், அதாவது சாமான் ஏற்றும் பெட்டியில் ஏறினேன். மீன்கூடைக்கார அம்மாள் ஒருத்தி என் பெட்டியை வெடிகுண்டோ என்று சந்தேகமாகப் பார்த்து, “க்யா ஹை, பம் ஹை க்யா?” என்றாள். ரேடியோ என்றேன். “தோ பஜாவ் நா!” என்று பாட்டுப் போடச் சொன்னாள். பாட்டு வராது என்று நான் சொன்னதும் அவளுக்கு என் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

குர்லாவில் பாலம் ஏற ஒரு போர்ட்டர் எட்டணா கேட்டார், கொடுத்தேன். பாட்டரியோடு அந்தப் படிகளில் ஏறிப் பார்த்தவர்கள் பேரம் பேசமாட்டார்கள். செம்பூரில் இறங்கி டாக்ஸியில் மைதானத்துக்குப் போனபோது ஒன்பதாகவில்லை. அந்தக் காலத்துச் செம்பூரில் வீடுகளைவிட வெறும் நிலம் அதிகம். மைதானத்தில் பட்டாளத்து லாரி ஒன்று, ஜீப் ஒன்று, கயிறு கட்டி ஒரு எல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். உள்ளே செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஹவில்தார் பெருமாள், வேலூர்க்காரர். தமிழ் பேசுகிற ஆள் கிடைத்ததில் எனக்குப் பாதி பயம் போயிற்று.

ஒன்பதரைக்குப் பெருமாள் அழைக்க ஆரம்பித்தார். கூப்பிடுவார், காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். மறுபடியும் கூப்பிடுவார். தாராவி பதில் சொல்லவில்லை. என் ரிசீவர் லாரிக்கு அத்தனை பக்கத்தில் வெறும் இரைச்சலைத்தான் கொடுத்தது, அவ்வளவு தூரம் அதைச் சுமந்து வந்தது தண்டம். கேப்டன் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நடந்தார். பதினொரு மணிக்குள் ஒரு செய்தியாவது போய் வர வேண்டும். எனக்குக் கண் முன்னால் வந்தது எஸ்தரின் குடம்தான்.

பத்து மணிக்கு ஸ்டூலிலிருந்து எழுந்து கயிற்றோரமாகப் போய் நின்றேன். அப்போதுதான் பெருமாளின் வலது கை கண்ணில் பட்டது. அது டயலை விடாமல் திருகிக்கொண்டிருந்தது.

“ஹவில்தார் சார், ஏன் திருப்பிண்டே இருக்கேள்?”

“நீங்கதான சார் காலைல வந்ததும் சொன்னீங்க? உங்காளுங்க அவங்கவங்க எடத்துலேர்ந்துதான் பேசுவாங்க, டயல் முழுக்கத் தேடிப் புடிக்கணும்னு. அதான் தேடறேன்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் வழக்கம் அதுதான். அப்போதெல்லாம் ஒவ்வொருவன் செட்டும் டயலில் ஒரே ஓர் இடத்தில்தான், அதாவது ஒரே அலைவரிசையில்தான் பேசும். கூப்பிட்டவன் டயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பதிலைத் தேடுவான். தேடுகிறவன் கண்டுபிடிக்க வேண்டுமே என்று பதில் சொல்கிறவன் தன் பெயரையும் ஊரையும் ஒரு நிமிஷம் திரும்பத் திரும்பச் சொல்வான். பட்டாளத்து வழக்கம் நேர் எதிர். எல்லாரும் டயலில் ஒரே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும், பதில் ஒரே தடவை, அதுவும் சுருக்கமாக. இந்த வழக்கத்தைக் கேப்டன் செல்வராஜுக்கு வீட்டுப்பாடம் மாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தார். பெருமாளோ, நான் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து, விருந்தாளிக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்வோம் என்று எங்கள் வழக்கத்துக்கு மாறிவிட்டார். செல்வராஜ் கண்ணும் கருத்துமாக ஒரே தடவை பதில் சொன்னபோதெல்லாம் இவர் டயலின் வேறு மூலையில் அவனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஐயோ, அவனை ஒரே எடத்துல உக்காரும்படி உங்க கேப்டன்னா சொல்லியிருக்கார்!” என்றேன். பெருமாள் சட்டென்று டயலைக் குறித்த இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திக் கூப்பிட்டார். பதில் இல்லை. அசையாமல் இருந்து இன்னும் நாலைந்து தடவை கூப்பிட்டார். இப்போது உண்மையாகவே அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கேப்டன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜீப்பில் ஏறி, என்னையும் ஏறச் சொன்னார். பெருமாளிடம் டயலைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். செம்பூரிலிருந்து சயன் வழியாகத் தாராவிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இன்று அந்த நேரத்தை நம்பி யாரும் கிளம்பாதீர்கள். ஜீப் சந்துக்குள் நுழையாது, முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். கேப்டனின் யூனிபார்மைப் பார்த்ததும் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் முறத்தோடு உள்ளே போனார்கள். ஒற்றனைப் பிடிக்கப் பட்டாளமே வந்துவிட்டது என்று சந்து முழுக்கச் சேதி பரவியது. யாரோ தாணாவுக்கு ஓடினார்கள்.

செல்வராஜ் தன் கூரையில் நின்றுகொண்டிருந்தான். கம்பி கீழே சந்தில் சுருண்டு கிடந்தது. எதிரே பொன்னையா தன் கடைக்கு முன்னால் ஒரு மூங்கிலைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“அண்ணாச்சி, அவுக கூப்பிடுதது எனக்கு நல்லாக் கேக்கு. நான் சொல்லுதது மட்டும் அவுகளுக்குக் கேக்கல. சரி, ஏரியல்லதான் கோளாறுன்னு அவுத்துப் பாத்தேன். பாத்துட்டுத் திரும்பக் கெட்டப் போனா இவரு விட மாட்டேங்காரு” என்று செல்வராஜ் என்னிடம் முறையிட்டான்.

“நானா அவுக்கச் சொன்னேன்? அவனே அவுத்தாம்லா? அவுத்தது அவுத்ததுதான். என் கூரையில இனிமே ஒரு நூலு கெட்ட விட மாட்டேன்” என்றார் பொன்னையா. எஸ்தர் வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தாணாக்காரர்கள் செய்ய வேண்டியதை அவள் புருஷன் தன் கையாலேயே செய்து வைத்திருந்தான்.

கேப்டனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்த மூங்கிலையும் சந்தில் கிடந்த கம்பியையும் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. பொன்னையாவிடம் அவர் வாதாடவில்லை. அந்தப் பக்கம் கடைக்குப் பக்கத்தில் கிடந்த தார் டிரம் ஒன்றை உருட்டி நிமிர்த்தி, அதன் மேல் ஏறி நின்றார். கம்பியின் நுனியில் கட்டியிருந்த கயிற்றை என்னை எடுத்துத் தரச் சொன்னார். பொன்னையாவிடம் மூங்கிலுக்காகக் கையை நீட்டினார். பட்டாளத்து ஆபீசர் கை நீட்டினால் என்ன செய்வார் பொன்னையா? கொடுத்துவிட்டார். கேப்டன் கயிற்றை மூங்கில் நுனியில் முடிந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். “நான் பேசுதப்போ கம்பியத் தொட்டுறாதீக, சுட்டுரும்!” என்று செல்வராஜ் மேலிருந்து கத்தினான். சிக்னல்ஸ்காரருக்கு அது தெரியாதா? அவர் சிரித்துவிட்டு, சீக்கிரம் என்று தலையை அசைத்தார்.

செல்வராஜ் உள்ளே ஓடி மைக்கை எடுத்தான். நான் வாசற்படியில் நின்றேன். ஒரே தடவை, சுருக்கமாக அழைத்தான். அடுத்த கணமே பெருமாளின் குரல் கணீரென்று வந்தது. ஒத்திகைக்காக எழுதி வைத்திருந்த செய்தி, சயன் சாலையில் முட்டளவு தண்ணீர், படகு தேவை என்பது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, சந்துக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. செய்தி போயிற்று, படகு வருகிறது என்று பதிலும் வந்தது. பதினொன்றாக இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ்காரர் வந்து சேர்ந்தார், ஏற்கனவே வந்து எச்சரித்த அதே ஆள். வந்தவர் கண்டது என்ன? தார் டிரம்மின் மேல் ஒரு கேப்டன், இவர் கழற்றச் சொன்ன அதே கம்பியைத் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு நிற்கிறார். விறைத்து நின்று சல்யூட் அடித்தார். இரண்டு கையும் மூங்கிலில் இருந்ததால் கேப்டனால் பதிலுக்கு அடிக்க முடியவில்லை. “யே ஹமாரா ஸ்டேஷன் ஹை. தார் யஹீன் ரஹேகா” என்றார். இது எங்கள் நிலையம், கம்பி இங்கேயேதான் இருக்கும் என்று அவர் சொன்னதை மொழிபெயர்க்க அந்தச் சந்தில் யாரும் தேவைப்படவில்லை. பொன்னையாவே ஏணியை எடுத்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயிலின் மேல் பழியைப் போட்டேன்.

இனி, இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாட்டரியை மரப்பெட்டியில் நிமிர்த்தி வைத்து, லக்கேஜ் டப்பாவில் மட்டும் ஏறுங்கள். இன்று அந்த டப்பா இன்னும் நெரிசல், ஞாயிறு காலை பரவாயில்லை. உங்கள் வீட்டை விட்டு வேறு இடத்திலிருந்து பேசப் போகிறீர்கள் என்றால் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒத்திகைக்கு முன்னால் இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார்த்தி வைத்து, யார் வழக்கப்படி பேசப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அவனவன் தனித்தனியாக மரியாதை காட்ட ஆரம்பித்தால் எங்கள் கதைதான். அடுத்த ஞாயிறுகளில் நாங்கள் பட்டாளத்து வழக்கப்படியே பேசினோம், ஒரு தகராறும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் தாராவிக்குப் போனேன். செல்வராஜ் கடையிலிருந்து திரும்பவில்லை. எஸ்தர் டீ போட்டுக் கொடுத்தாள். ஒத்திகை பற்றிக் கேப்டன் மேலே நல்லபடியாக எழுதப் போகிறாராம் என்று சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

“அது என்னமோ அண்ணாச்சி, எனக்குத் தெரியாது,” என்றாள். “இன்னைக்குக் காலையில என் கொடத்த யாரும் தள்ளல.”